வடிகால் இல்லாத ஊருக்கு எந்தச் சமன்பாடு?

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில் இருக்கிறது ஒட்டுசுட்டான். தான்தோன்றீசுவரர் கோவிலாலும் முத்தையன்கட்டுக் குளத்தாலும் ஓட்டுத் தொழிற்சாலையாலும் பெயர் பெற்ற ஊர். வீடுகளின் கழிவுநீரைத் திரட்டிக் கொண்டுபோகும் நிலத்தடிக் குழாய் இங்கே இல்லை. மலசலகூடத்துக்குப் பின்னால் ஒரு குழி. வசதியுள்ள வீடானால் செப்டிக் தாங்கியும் உறிஞ்சுகுழியும். அதே வளவில் சற்றுத் தள்ளிக் கிணறு. குளித்த தண்ணீரும் குசினித் தண்ணீரும் வாழைக்கோ தென்னைக்கோ போய்விடும். குழி நிரம்பினால் பவுசர் வரும்.

இந்த ஊரில் கழிவுநீரைச் சுத்திகரிப்பவை தாங்கியிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்கள். பெருநகரங்களில் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய நிலையங்களில் வேலை செய்வனவும் அவற்றின் உறவுகளே. நிலையத்து நுண்ணுயிர்களின் பசி, வளர்ச்சி, சாவு எல்லாவற்றுக்கும் நூறு ஆண்டாகச் சமன்பாடுகள் எழுதப்பட்டுள்ளன. வளவுக் குழியின் நுண்ணுயிர்களுக்கு அந்தக் கவனிப்புக் கிடைக்கவில்லை. அந்தச் சமன்பாடுகள் எப்படிப் பிறந்தன, எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை, வெக்கையும் வடிகாலின்மையும் சேர்ந்த, ஒட்டுசுட்டானை உள்ளடக்கிய வன்னி நிலத்துக்கு அவற்றில் எது உதவும் என்பவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆற்றில் தொடங்கிய கணக்கு

முதல் கணித மாதிரியுரு ஓர் ஆற்றுக்காக எழுதப்பட்டது. அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீற்றரும் ஃபெல்ப்ஸும் 1925இல் அதை வெளியிட்டார்கள். கழிவு ஆற்றில் விழுந்ததும் பற்றீரியா அதைத் தின்று நீரிலுள்ள ஒட்சிசனைச் செலவழிக்கும். ஆற்றின் மேற்பரப்பு காற்றிலிருந்து ஒட்சிசனை மீட்டுக்கொடுக்கும். செலவையும் வரவையும் ஒரே வகையீட்டுச் சமன்பாட்டில் வைத்தபோது எதிர்பாராத ஒரு முடிவு கிடைத்தது. ஒட்சிசன் மிகக் குறையும் இடம் கழிவு விழும் வாய்க்கால் முனை அன்று. அங்கிருந்து பல மைல் கீழே இருக்கிறது. மீன் செத்து மிதக்கும் இடத்தில் நின்று குற்றவாளியைத் தேடுபவர் மேல்நோக்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதைக் கணக்கே சொன்னது.

இதற்குப் பதினோர் ஆண்டு முன், 1914இல், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டனும் லொக்கெற்றும் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி, அடியில் படிந்த சேற்றை எறிந்துவிடாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்திப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. செயலூட்டிய சேறு என்ற முறை இதுதான். உலகின் பெருநகர நிலையங்களில் பெரும்பாலானவை இன்றும் இதன் வழித்தோன்றல்களே. ஆனால் பல பத்தாண்டுகளுக்குப் பொறியியலாளர்கள் தாங்கியின் அளவை அனுபவ விதிகளால்தான் தீர்மானித்தார்கள். உள்ளே இருப்பவை எப்படி வளர்கின்றன என்று அந்த விதிகள் கேட்கவில்லை.

கேட்டவர் பிரான்சின் ஜாக் மொனோ. பிற்காலத்தில் மரபணு ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற அவர், 1942இல் பற்றீரியா வளர்ச்சி பற்றிய ஆய்வேட்டில் எளிய உறவொன்றைத் தந்தார். உணவு குறைவாக இருக்கும்போது அதைக் கூட்டினால் வளர்ச்சியும் கூடும்; ஓரளவுக்கு மேல் உணவைக் குவித்தாலும் வளர்ச்சி ஏறாது. அன்னதானப் பந்தியில் இலை நிறையச் சோறு போட்டாலும் ஒருவர் உண்ணும் வேகத்துக்கு ஓர் உச்சம் இருப்பதைப் போன்றது. அந்த உச்ச வேகம் ஒரு பரமானம். உச்சத்தின் பாதி வேகத்தை எட்ட எவ்வளவு உணவு வேண்டும் என்பது இன்னொன்று. கழிவுநீர் மாதிரியுருக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு எண்களின் மேல்தான் நிற்கின்றன.

நவீன மாதிரியுருவின் பிறப்பிடம் நீருக்குத் தவித்த நாடொன்று. 1970களில் தென்னாபிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மரே என்ற பேராசிரியரும் அவரது மாணவர்களும், செயலூட்டிய சேற்றுக்குள் நடப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சமன்பாடாக்கினார்கள். அந்த வேலையின் மேல் பன்னாட்டு ஆய்வுக் குழுவொன்று கட்டியெழுப்பியதே 1987இல் வெளிவந்த ஏ.எஸ்.எம்.1 என்ற மாதிரியுரு. நீரிலும் சேற்றிலும் உள்ள 13 பொருள்கள், அவற்றை மாற்றும் 8 நிகழ்ச்சிகள்: அவ்வளவுதான் அதன் உடல். பொசுபரசு அகற்றலைச் சேர்த்து ஏ.எஸ்.எம்.2 1995இலும், சேமிப்பு உணவு பற்றிய திருத்தத்துடன் ஏ.எஸ்.எம்.3 1999இலும் வந்தன.

அட்டவணை வைக்கும் கட்டுப்பாடு

ஏ.எஸ்.எம்.1இன் அழகு அதன் அட்டவணையில் இருக்கிறது. மேலே பொருள்களின் பெயர்கள், இடப்பக்கம் நிகழ்ச்சிகள், ஒவ்வொரு கட்டத்திலும், அந்த நிகழ்ச்சியால் அந்தப் பொருள் எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்ற எண். ஒட்சிசன் கணக்கிலோ நைதரசன் கணக்கிலோ ஒரு நிரையைக் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பொருள் காணாமற் போயிருக்கிறது அல்லது வெறுமையிலிருந்து முளைத்திருக்கிறது. பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஓர் எண்ணைக் கிட்ட நின்று பார்க்கலாம். கழிவிலுள்ள கரிமப் பொருளை, அதை முற்றாக எரிக்க வேண்டிய ஒட்சிசன் அளவால் அளப்பது வழக்கம், சி.ஓ.டி. என்பது அதுதான். ஒரு கிராம் சி.ஓ.டி.யைத் தின்னும் பற்றீரியா அதில் 0.67 கிராமைத் தன் உடலாக்கிக்கொள்ளும் என்கிறது ஏ.எஸ்.எம்.1. எஞ்சிய 0.33 கிராமுக்கே ஒட்சிசன் செலவாகும். ஆக, தெளிந்த நீர் வெளியே போகும் நிலையத்தில் அழுக்கின் பெரும்பங்கு முதலில் சேறாக உருமாறியிருக்கிறது. பிறகு அந்தச் சேறும் மெல்ல மெல்லத் தானே செத்து எரியும். எரியாமல் எஞ்சுவதை யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டுபோய் எங்கேயோ வைத்தாக வேண்டும். பவுசர் வந்துபோவதுடன் கதை முடிவதாக எண்ணும் திட்டங்களுக்கு இந்த ஓர் எண் போதுமான பதில்.

சமன்பாடு எழுதியவர்கள் உயிரினத்தையே முன்கூட்டிச் சொன்ன சம்பவங்களும் உண்டு. 1977இல் ஒஸ்திரிய அறிஞர் எங்கெல்பெர்ட் புரோடா வெப்ப இயக்கவியல் கணக்கை மட்டும் வைத்து, ஒட்சிசன் இல்லாமலே அமோனியாவை எரிக்கும் பற்றீரியா இருந்தாக வேண்டும் என்றார். அப்போது அதைக் கண்டவர் இல்லை. 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், கழிவுநீர் ஆய்வுத் தாங்கி ஒன்றில் அது அகப்பட்டது. இன்று அனமொக்ஸ் என்ற பெயரில் நிலையங்களில் வேலை செய்கிறது. அமோனியாவை நைத்திரைற்றாக்குவது ஓர் இனம், நைத்திரைற்றை நைத்திரேற்றாக்குவது இன்னோர் இனம் என்பது நூறாண்டுப் பாடம். இரண்டையும் ஒரே உயிர் செய்வது எந்தச் சூழலில் இலாபம் என்று 2006இல் சிலர் கணக்கிட்டார்கள். அப்படியொரு உயிர் 2015இல் கண்டுபிடிக்கப்பட்டது.

வெக்கை மாற்றும் எண்கள்

இந்தப் பரமானங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு நிலையங்களில் அளக்கப்பட்டவை. ஏ.எஸ்.எம்.1 தரும் வழக்கமான எண்கள் 10 பாகைக்கும் 20 பாகைக்கும் உரியவை. வன்னியில் கழிவுநீரின் வெப்பநிலை பெரும்பாலும் 28 பாகையை ஒட்டியே இருக்கும். இது சின்ன வேறுபாடன்று.

அமோனியாவை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாவை எடுத்துக்கொண்டால், அதன் உச்ச வளர்ச்சி வேகம் 10 பாகையில் நாளுக்கு 0.3, 20 பாகையில் 0.8. இந்த உயிர்கள் கழுவிச் செல்லப்படாமல் இருக்க வேண்டுமானால் சேறு தாங்கிக்குள் தங்கும் காலம் அவை பெருகும் காலத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 10 பாகையில் அது ஏறக்குறைய 4 நாள். 20 பாகையில் ஒன்றரை நாளுக்கும் குறைவு. 28 பாகைக்கு நீட்டினால் ஒரு நாள்கூடத் தேவையில்லை என்கிறது கணக்கு. ஐரோப்பாவில் பெரிய தாங்கி கட்டி வரவழைக்கும் நைத்திரேற்றாக்கம் வெப்ப நாட்டில் அழையா விருந்தாளியாக வந்துவிடும் என்பது இதன் பொருள்.

வந்தால் என்ன? ஒரு கிராம் அமோனியா நைதரசனை நைத்திரேற்றாக்க 4.57 கிராம் ஒட்சிசன் வேண்டும். அதற்கெனக் காற்றூதியைத் தெரிவு செய்யாத நிலையத்தில் ஒட்சிசன் பற்றாக்குறை தொடங்கும். உருவான நைத்திரேற்று, படிவுத் தாங்கியின் அடியில் ஒட்சிசன் தீர்ந்ததும் நைதரசன் வாயுக் குமிழியாகும். குமிழி சேற்றைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். படிய வேண்டிய சேறு மிதக்கும். தெளிநீரோடு கலந்து வெளியேறும். நிலையத்தை இயக்குபவர் இயந்திரப் பழுதென்று தேடிக்கொண்டிருப்பார். வெக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு: 10 பாகையில் ஒரு லீற்றர் தூய நீர் 11.3 மி.கி. ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 28 பாகையில் 7.8 மி.கி. மட்டுமே. பசி கூடும் நேரத்தில் பண்டகசாலை சுருங்குகிறது.

ஆய்வுகூடச் சோதனைக்குள்ளும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. இலங்கையின் 2008ஆம் ஆண்டுச் சுற்றாடல் ஒழுங்குவிதிகள், உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரின் பி.ஓ.டி. லீற்றருக்கு 30 மி.கி.க்கு மேற்படக்கூடாது என்கின்றன. பி.ஓ.டி. என்பது பொதுவாகக் குப்பியிலுள்ள பற்றீரியா ஐந்து நாளில், 20 பாகையில், செலவழிக்கும் ஒட்சிசன். வழக்கமான வேகத்தை வைத்துப் பார்த்தால் அந்த ஐந்து நாளில் எரியக்கூடிய பொருளில் 68 சதவீதம் எரிந்திருக்கும். அதே நீர் 28 பாகையில் கிடந்தால் 81 சதவீதம். குப்பியில் தெரியும் சுமையைவிடக் குளத்தில் விழும் சுமை வேகமாக வேலை செய்யும் என்பதை, வகையீட்டுச் சமன்பாடு இல்லாமல் அந்த 30 என்ற எண் சொல்லாது.

காற்றில்லா அறை

வெக்கை சாதகமாகும் இடம் காற்றில்லாச் செரிமானம். கரிமப் பொருள் முதலில் உடைந்து, கரைந்து, அமிலமாகி, பிறகு மெதேனாகும் தொடரை 2002இல் வந்த ஏ.டி.எம்.1 என்ற மாதிரியுரு 19 உயிர்வேதி நிகழ்ச்சிகளாக எழுதுகிறது. அமிலமாக்கும் கூட்டம் வேகமானது. மெதேனாக்கும் கூட்டம் நிதானமானது. திடீரென்று கூடுதல் உணவு வந்தால் அமிலம் தேங்கும், பி.எச். இறங்கும், மெதேன் கூட்டம் முடங்கும், அமிலம் இன்னும் தேங்கும். புளித்துப்போன தாங்கியைத் திரும்ப மீட்பது எவ்வளவு கடினம் என்பது இந்தச் சுழற்சியில் தெரியும்.

வன்னியில் இதற்குப் பொருத்தமான கழிவு அரிசி ஆலையில் கிடைக்கிறது. நெல்லை ஊறவைத்து அவித்த தண்ணீர், புளித்த மணத்தோடும் மஞ்சள் நிறத்தோடும் வெளியேறும். வீட்டுக் கழிவுநீரைவிடப் பல மடங்கு செறிவானது. ஓர் ஆலை நாளுக்கு 10 கனமீற்றர் வெளியேற்றுகிறது, அதன் சி.ஓ.டி. லீற்றருக்கு 2,000 மி.கி. என்று கொள்வோம். மொத்தம் 20 கிலோ. ஐந்தில் நான்கு பங்கு செரித்தால் 16 கிலோ. ஒரு கிலோ சி.ஓ.டி. 0.35 கனமீற்றர் மெதேனாகும் என்பது கோட்பாட்டு எல்லை, ஆக 5.6 கனமீற்றர். நெல் அவிக்கும் அடுப்புக்கு இது முழுவதும் போதாது. ஆனால் குளத்துக்குப் போகும் சுமையில் ஐந்திலொரு பங்குதான் எஞ்சும். இந்தக் கணக்குக்கு ஏ.டி.எம்.1 தேவைப்படவில்லை, சி.ஓ.டி. சமநிலை ஒன்றே போதும். பருவம் தொடங்கி ஆலை திடீரென ஓடும் முதல் வாரத்தில் தாங்கி புளிக்குமா என்று கேட்டால்தான் பெரிய மாதிரியுருவைத் தொட வேண்டியிருக்கும்.

இந்தியா இந்தத் தொழில்நுட்பத்தை நகரக் கழிவுநீரிலேயே பெரிய அளவில் பரீட்சித்தது. நெதர்லாந்தின் லெட்டிங்கா உருவாக்கிய, கழிவுநீர் அடியிலிருந்து மேலாகச் சேற்றுப் படுகையை ஊடுருவும் தாங்கி, 1989இல் கான்பூரில் நாளுக்கு 50 இலட்சம் லீற்றர் கொள்ளளவில் இயங்கத் தொடங்கியது. பின்னர் யமுனைத் திட்டத்தில் பல நகரங்களுக்குப் பரவியது. மின்சாரச் செலவு குறைந்தது. ஆனால் வெளிவரும் நீரில் அமோனியாவும் நோய்க்கிருமிகளும் அப்படியே இருந்ததால் பின்சுத்திகரிப்பு வேண்டியிருந்தது. காற்றில்லாச் செரிமானம் காபனைத்தான் அகற்றும். நைதரசனைத் தொடாது என்பது சமன்பாட்டில் முதல் நாளிலிருந்தே எழுதியிருந்த விடயம்.

ஒரு குட்டையா, மூன்றா?

மின்சாரமும் இயந்திரமும் வேண்டாத முறை கழிவுநீர்க் குட்டை. பாசி ஒட்சிசன் தரும், பற்றீரியா அழுக்கைத் தின்னும், வெயில் கிருமியைக் கொல்லும். நிலமும் வெயிலும் உள்ள வன்னிக்கு இது இயல்பாகவே பொருந்தும். இதன் மாதிரியுருக்கள் கைக்கணக்கில் அடங்குபவை.

இந்தியாவில் ஆர்சேவாலா குழுவினர் 1970இல் தந்த விதி, ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்பதை மட்டும் கேட்கும். ஒட்டுசுட்டானின் ஒன்பது பாகைச் சொச்சத்துக்கு, எக்டேருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 318 கிலோ பி.ஓ.டி. ஏற்றலாம் என்று வருகிறது. பிரித்தானியப் பொறியியலாளர் டங்கன் மாராவின் சூத்திரம் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி வெப்பநிலையைக் கேட்கும். 25 பாகை என்று கொடுத்தால் 350 கிலோ. ஐயாயிரம் பேர், ஆளுக்கு நாளுக்கு 40 கிராம் என்றால் மொத்தம் 200 கிலோ. ஒரு விதிப்படி 0.63 எக்டேர், மற்றதன்படி 0.57. வேறுவேறு பாதையில் வந்த இரண்டு விதிகள் பத்திலொரு பங்கு வேறுபாட்டில் சந்திக்கின்றன. முதற்கட்டத் திட்டமிடலுக்கு இது போதும்.

கிருமிக் கணக்கு இன்னும் சுவையானது. கேப் டவுன் மரே முன்னர் குட்டைகளுக்கும் ஒரு சமன்பாடு எழுதியிருந்தார். மலப் பற்றீரியா சாகும் வேகம் 20 பாகையில் நாளுக்கு 2.6, ஒவ்வொரு பாகை ஏறும்போதும் 1.19 மடங்காகும். 28 பாகையில் 10.5 ஆகிறது. 100 மில்லிலீற்றரில் ஒரு கோடி பற்றீரியா உள்ள கழிவுநீரைப் பதினைந்து நாள் தங்கவைக்கும் ஒரே குட்டையில் விட்டால், எண்ணிக்கை 158 மடங்கு குறைந்து சுமார் 63,000 ஆகும். அதே நிலத்தை வரம்பு கட்டி மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஐந்து நாள் தங்கவைத்தால் குறைவு 53 மடங்கு, மீண்டும் 53, மீண்டும் 53. கடைசியில் எஞ்சுவது 66. பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்ச உலக சுகாதார நிறுவனம் 1989இல் வைத்த எல்லை 1,000. ஒரே நிலம், ஒரே வெயில், ஒரே பதினைந்து நாள். இரண்டு மண் வரம்புகள் மட்டுமே கூடுதல்.

இந்தச் சமன்பாட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. குட்டை நீர் எப்போதும் முழுதாகக் கலந்திருக்கிறது என்று அது வைத்துக்கொள்கிறது. உண்மையில் காற்று ஒரு பக்கம் தள்ளும், சேறு ஒரு மூலையை நிரப்பும், சில நீர் நுழைவாயிலிலிருந்து வெளிவாயிலுக்குக் குறுக்கு வழியில் ஓடிவிடும். பிரேசிலில் வான் ஸ்பேர்லிங் பல குட்டைகளின் அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெப்ப நாடுகளில் 1.19 என்ற எண் கிருமிச் சாவை மிகைப்படுத்துவது தெரிந்தது. ஆகவே மேலே வந்த 66ஐ எவரும் ஆய்வுகூட அறிக்கையில் எதிர்பார்க்க வேண்டாம். ஒன்றைவிட மூன்று மேல் என்ற முடிவு மட்டும் அசையாமல் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2006இல் அந்த ஒற்றை எல்லையைக் கைவிட்டு, உண்பவருக்கு நேரும் நோய் ஆபத்தைக் கணக்கிடும் முறைக்கு மாறியது.

குழியும் கிணறும்

குட்டைக்குக் கழிவுநீர் வந்து சேரக் குழாய் வேண்டும். குழாய் இல்லாத இடத்தில் மாதிரியுரு வளவுக்குள்தான் தொடங்க வேண்டும்.

எளியது தாங்கி நிரம்பும் கணக்கு. வெப்ப நாட்டில் ஒருவரால் ஆண்டுக்குச் சுமார் 40 லீற்றர் சேறு சேரும் என்பது பரவலாகப் பயன்படும் எண். ஐந்து பேர் வீட்டில் ஆண்டுக்கு 200 லீற்றர். இரண்டு கனமீற்றர்த் தாங்கியில் மூன்றிலொரு பங்கு நிரம்பியதும் அள்ள வேண்டும் என்றால் மூன்று ஆண்டு சொச்சம். 40 லீற்றர் என்பது சேறு செரிந்து இறுகிய பிறகான அளவு. செரிக்க நேரம் கொடுக்காத இடத்தில் கணக்குப் பிழைக்கும். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் போரில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தபோது, ஓகஸ்ட் மழையில் மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. அங்கே சேற்றுக்கு ஆண்டுகள் கிடைக்கவில்லை, நாள்களே கிடைத்தன.

அடுத்தது கிருமியின் பயணம். மண்ணுக்குள் 50 நாள் கிடந்தால் பெரும்பாலான நோய்க் கிருமிகள் செயலற்றுப்போகும் என்று கொண்டு, ஜேர்மனி குடிநீர்க் கிணறுகளைச் சுற்றி 50 நாள் வலயம் குறிக்கிறது. இங்கோ கிணற்றுக்கும் குழிக்கும் இடையே இத்தனை அடி என்ற ஒரே விதி எல்லா மண்ணுக்கும் சொல்லப்படுகிறது. நிலத்தடி நீரின் வேகம் மண்ணின் ஊடுபுகவிடும் தன்மையையும் நீர்மட்டச் சரிவையும் பொறுத்தது. முல்லைத்தீவுக் கரையோர மணலில் நாளுக்கு 0.8 மீற்றர் என்று வைத்தால் 50 நாளில் 40 மீற்றர் போய்விடும். களி கலந்த உள்நாட்டு மண்ணில் 0.05 மீற்றர் என்றால் இரண்டரை மீற்றர்தான். அப்படியானால் ஓடு செய்யக் களி கிடைத்த ஒட்டுசுட்டான் மண் பாதுகாப்பானதா? களிமண்ணுக்கு வேறு ஆபத்து: அது நீரை உறிஞ்சாது. மாரி மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை கொட்டும்போது உறிஞ்சுகுழியின் நீர் மண்ணுக்குள் போகாமல் மேலே எழும். கிருமி அப்போது மண்ணுக்குள்ளால் நடக்காது. மேலாக மிதந்துபோய்க் கட்டு உயராத கிணற்றுக்குள் விழும்.

மூன்றாவது நைத்திரேற்று. இதற்கு 50 நாள் விதி செல்லாது, அது சாவதில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று ஏறியிருப்பதை ஆய்வுகள் 1980களிலிருந்தே காட்டி வருகின்றன. குடிநீருக்கான இலங்கைத் தர எல்லை லீற்றருக்கு 50 மி.கி. நைத்திரேற்று, நைதரசனாகச் சொன்னால் 11.3.

வன்னி வளவொன்றுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ நைதரசனைக் கழிக்கிறார். ஐந்து பேருக்கு 20 கிலோ. வீட்டுத் தண்ணீர் அதே கிணற்றில் இறைத்தது என்பதால் அது புதிதாகச் சேரும் நீராகாது. நைத்திரேற்றை ஐதாக்குவது மண்ணுக்குள் இறங்கும் மழைநீரே. அது ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் என்று கொள்வோம். ஒரு ஏக்கர்க் காணியில் 800 கனமீற்றர். கால் ஏக்கரில் 200. நைதரசன் எதுவும் மண்ணில் இழக்கப்படாவிட்டால் ஏக்கரில் லீற்றருக்கு 25 மி.கி., கால் ஏக்கரில் 100. எல்லைக்குள் வர வேண்டுமானால் ஏக்கர்க் காணியில் பாதிக்குச் சற்று மேல் மண்ணில் வாயுவாகிப் போக வேண்டும். கால் ஏக்கரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு. பக்கத்தில் காடோ வயலோ இருந்தால் அங்கிருந்து வரும் நிலத்தடி நீர் இன்னும் ஐதாக்கும். வரிசையாகக் கால் ஏக்கர் வளவுகளே இருந்தால் அந்த உதவியும் இல்லை. மீள்குடியேற்றத்துக்குக் காணி பிரிக்கும் வரைபடம், இந்தக் கோணத்தில், ஒரு சுத்திகரிப்புத் திட்டமாகவும் இருக்கிறது.

எங்கே பிசகுகிறது

பெரிய மாதிரியுருக்களின் முதல் நோய் பரமானப் பெருக்கம். ஏ.எஸ்.எம்.1இல் ஏறத்தாழ இருபது பரமானங்கள். உச்ச வளர்ச்சியைக் கொஞ்சம் ஏற்றி, சாவு வேகத்தையும் ஏற்றிவிட்டால் வெளிவரும் வரைபு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒரே அளவீட்டுக்குப் பல பரமானத் தொகுதிகள் பொருந்தும்போது எது உண்மை என்று அந்த அளவீட்டால் சொல்ல முடியாது. கடந்த மாதத்துக்கு அச்சாகப் பொருந்திய மாதிரியுரு அடுத்த மாரிக்குக் கவிழ்வது இதனால்தான். பன்னாட்டு நீர்ச் சங்கத்தின் குழுவொன்று இத்தகைய மாதிரியுருக்களைப் பயன்படுத்தும் ஒழுங்கைத் தனி வழிகாட்டியாகவே வெளியிட்டது. பரமானத்தைத் திருகுமுன் அளவீடுகளைச் சரிபார்ப்பது அதன் முதன்மையான பாடங்களில் ஒன்று.

இரண்டாவது, உள்ளே வரும் கழிவுநீரின் பிரிப்பு. எளிதில் செரிப்பது, மெல்லச் செரிப்பது, செரிக்கவே செரிக்காதது என்று சி.ஓ.டி.யைப் பங்கிட்டால்தான் ஏ.எஸ்.எம்.1 ஓடும். ஐரோப்பியக் குழாய்நீரின் பங்கீட்டை, மூன்று ஆண்டு தாங்கியில் கிடந்து பவுசரில் வரும் சேற்றுக்குப் போட்டால் விடை வரும். ஆனால் அது வேறோர் ஊரின் விடை. பவுசர்ச் சேற்றில் எளிதில் செரிப்பது ஏற்கனவே தீர்ந்திருக்கும்; அமோனியாவும் செரியாத பொருளும் மிகுந்திருக்கும்.

தமிழ்நாட்டின் அனுபவம் இந்த இடத்தில் உதவும். மாநில அரசு 2014இல் செப்டிக் தாங்கிக் கழிவு மேலாண்மைக்கு நடைமுறை வழிகாட்டியை வெளியிட்டது. 2017இல் மதுராந்தகத்துக்கு அண்மையிலுள்ள கருங்குழியில், லொறிகளில் வரும் மலக்கழிவுக்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியது. பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில் 2015இலேயே இத்தகைய நிலையம் வந்திருந்தது. சிறிய பேரூர்களின் சிக்கலைக் குழாய்வலை வரும்வரை காத்திருக்காமல் லொறியிலிருந்து தொடங்கிய திட்டங்கள் இவை. வடிவமைப்பின் மையக் கேள்வியும் ஏ.எஸ்.எம். கேட்பதல்ல: நாளுக்கு எத்தனை லொறி, ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டுச் சேறு, மழைக்காலத்தில் உலருமா?

வன்னியில் அளக்க வேண்டியவை

கணிதம் தெரிந்தவர்களுக்கு வன்னியில் குறைவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. 2021இலிருந்து வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மடிகணினி ஒன்றும் விரிதாளும் இருந்தால் மேலே போட்ட கணக்குகள் எல்லாவற்றையும் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். ஏ.எஸ்.எம்.1இன் சமன்பாடுகளும் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியவையாகவே அச்சில் இருக்கின்றன.

சமன்பாட்டுக்குள் இட வேண்டிய உள்ளூர் எண்களைத்தான் தேட வேண்டும். பவுசர் வரும் ஒவ்வொரு முறையும் தாங்கியில் சேறு எவ்வளவு ஆழம், கடைசியாக அள்ளி எத்தனை ஆண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு கொப்பியில் எழுதினால் 40 லீற்றர் என்ற இரவல் எண்ணுக்குப் பதில் இந்த மண்ணின் எண் கிடைக்கும். உறிஞ்சுகுழி வெட்டும்போது நீர் இறங்கும் வேகத்தை ஒரு மணித்தியாலம் அளப்பது புதிய வேலையன்று, எஸ்.எல்.எஸ். 745 என்ற செப்டிக் தாங்கித் தர ஆவணத்தின் வழியில் கட்டுபவர் மண்ணின் உறிஞ்சும் திறனைப் பார்த்தே குழியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். அரிசி ஆலையின் ஊறல்நீரில் பருவத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் சி.ஓ.டி. எடுத்தால் காற்றில்லாத் தாங்கியின் அளவைத் தீர்மானிக்கலாம்.

எல்லாவற்றையும்விட அவசரமானது கிணற்றின் நைத்திரேற்று. மழைக்கு முந்திய செப்டெம்பரில் ஒரு முறை, நீர்மட்டம் ஏறிய ஜனவரியில் ஒரு முறை. கால் ஏக்கர் வளவுகள் நெருங்கிய குடியிருப்பில் சில கிணறுகள், ஏக்கர்க் காணிகளில் சில, குடியிருப்பே இல்லாத காட்டோரத்தில் ஒப்பிடுவதற்கு ஒன்றிரண்டு. உரமிடும் தோட்டக் காணிகளைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் யூரியாவின் நைதரசன் மலக்குழியின் கணக்கில் ஏறிவிடும். அந்த அளவீடுகள் கிடைத்தால், ஒட்டுசுட்டானின் களிமண் நைதரசனில் பாதியை வாயுவாக்குகிறதா, பத்தில் ஒன்பது பங்கையா என்பதைச் சமன்பாட்டைப் பின்னோக்கி ஓட்டியே கண்டுபிடிக்கலாம். அடுத்த குடியிருப்புக்குக் கால் ஏக்கர் போதுமா, அல்லது வீடுகளைச் சேர்த்து ஒரு பொதுத் தாங்கியும் மூன்று குட்டைகளும் வேண்டுமா என்று பிரதேச செயலகம் முடிவெடுக்க வேண்டியிருப்பது அந்த ஒரு பரமானத்தைக் கொண்டுதான்.